பால் கணக்கு

ஞாயிறு தவறியதில்லை.
இந்தப் பலகைத் தடுப்புக்கு மட்டும்
முப்பத்தோரு வருஷம் வந்ததில்லை.
பீடோங் கோயிலில் மின்விசிறி
கழுத்துச் சுளுக்கியவன்போல் ஒரே பக்கம் திரும்பியது.
தடுப்புக்கு அப்பால் ஃபாதர் லியோங்,
பினாங்கில் கற்ற தமிழில்
"சொல்லுங்க" என்றார்.

சாமி, நான் கிராணியாக இருந்தேன்.
கிளென்மூர் தோட்டம், மூன்றாம் டிவிஷன்.
பால் கொட்டகையில் தராசும் என்னுடையது
பென்சிலும் என்னுடையது.
ஆளுக்கு இரண்டு ராத்தல் குறைத்து எழுதினேன்.
ஆண்துணை இல்லாத வீட்டுக்கு மூன்று.

"எத்தனை வருஷம்?"
ஒன்பது.
"அந்த ராத்தலெல்லாம் எங்கே?"

செக்ரோலில் இல்லாத ஒருவன் பேரில் ஏற்றினேன்.
மாசிலாமணி என்று அவனுக்குப் பெயர் வைத்தேன், சாமி.
சம்பள நாளில் அவனுக்காக
என் இடது பெருவிரலை மையில் தொட்டேன்.
அதில் ஒரு மோட்டார் சைக்கிள்,
மகளின் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன்,
இந்தக் கோயிலுக்கு ஒரு பெஞ்சு.
முதுகில் என் பெயர் பொறித்திருக்கும்,
பார்த்திருப்பீர்கள்.

மழை தகரத்தில் இறங்கும்வரை அவர் பேசவில்லை.
பிறகு மன்னிப்பின் சொற்களை
ஒவ்வொன்றாக
முட்டை அடுக்குவதுபோல் வைத்தார்.
பரிகாரம், மூன்று பரலோக மந்திரம்.
"அப்புறம் ஒரு ஆளையாவது கண்டுபிடிங்க.
உயிரோட இருக்கற ஒரு ஆளை."

வெளியே ஜெராய் மலையைக் காணோம்.
மன்னிக்கப்பட்டவன் எப்படி நடப்பான் என்று தெரியாமல்
ரயில் கேட் வரை போய்த் திரும்பினேன்.

தோட்டம் இப்போது செம்பனை.
லயங்களை இடித்தாயிற்று.
செக்ரோலில் இருந்தவர்கள்
சுங்கைப் பட்டாணியில், சிரம்பானில், மண்ணுக்குள்.

பூவாயி கிடைத்தாள்.
கிளினிக்கில், சர்க்கரைக்காரர் வரிசையில்,
எண் நாற்பத்தேழு. நான் ஐம்பத்திரண்டு.
சக்கர நாற்காலி, ஒரு கால் இல்லை.
கண் மட்டும் அதே கண்,
தராசு முள்ளைப் பார்க்காமல்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற கண்.

சொன்னேன்.
உனக்கு இரண்டில்லை, மூன்று என்றும் சொன்னேன்.
உறையை நீட்டினேன், எண்ணூறு வெள்ளி.
ஒன்பது வருஷத்துக்கு அது பற்றாது.
கணக்குத் தெரியாதவனா நான்.

"அட போங்க கிராணி ஐயா,
நா மட்டும் யோக்கியமா?
அல்லூர்ல தண்ணி மோந்து
தெனமும் ஒரு மங்கு பால்ல ஊத்துவேன்.
ஒங்க மூணும் ஏந் தண்ணியும்
சரியாப் போச்சு."
உறையிலிருந்து ஐம்பது வெள்ளியை மட்டும் உருவினாள்.
"டாக்சிக்கு."
நாற்பத்தேழு என்று மலாயில் கூப்பிட்டார்கள்.
தானே உருட்டிக்கொண்டு போனாள்.

ஒன்பது வருஷம்
அவள் வாளியில் மெட்ரோலக் விட்டவன் நான்.
தண்ணீர் சேர்ந்த பாலில் அந்தக் கண்ணாடிக் குழல் மேலே எழும்பும்.
அவள் வாளியில் ஒருநாளும் எழும்பியதில்லை.
மூங்கில் இலை மழையிலும்,
பிள்ளை பெற்று எழுந்து வந்த மாதத்திலும்,
அடியாழத்தில் நின்றது.

செய்யாத ஒன்றைத் தன் பேரில் எழுதிக்கொண்டு
கதவுக்குள் போய்விட்டாள்.
விபூதி நெற்றிக்காரி.
எங்கோ கேட்ட கதை இது.
என் பெயர் பொறித்த பெஞ்சில் சாய்ந்து
வாராவாரம் கேட்ட கதை.
அப்போதெல்லாம்
வெளியே நிறுத்திய வண்டி நனையுமே என்றிருந்தேன்.

ஐம்பத்திரண்டு.

எந்த விரல் என்றாள் தாதி.
இடது பெருவிரலை நீட்டினேன்.
"இதுல வலிக்குமே, பாக்சிக்."
பரவாயில்லை என்றேன்.
குத்தினாள். அழுத்தினாள்.
பயப்படாதீங்க,
ஒரு சொட்டுப் போதும் என்றாள்.